கடைவீதி பளபளப்பாகும்போது நம்ம கூடைக்கு இடம் எங்கே?



கொஞ்ச காலமாகக் கூட்டமைப்புக் கூட்டங்களில் ஒரே மாதிரியான பேச்சு காதில் விழுகிறது. "தவணை கட்டுறதுக்குச் சிரமமா இருக்குதுங்க, வியாபாரம் முன்ன மாதிரி இல்லீங்க" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், சரக்கு சரியில்லை என்றோ விலை கட்டவில்லை என்றோ சொல்பவர்கள் குறைவு. "உக்காந்து வித்த இடம் போயிருச்சுங்க" என்பதுதான் பதிலாக வருகிறது. ரோட்டை அகலப்படுத்தினார்கள், பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள், வாடகையை ஏற்றினார்கள், எதிரில் பெரிய கடை வந்தது என்று காரணம் பலவாக இருக்கிறது. முடிவு மட்டும் ஒன்றாக இருக்கிறது.

இதைத் தலைவிதி என்று விட்டுவிடக் கூடாது. இந்த மாற்றம் எப்படி வருகிறது, யாரை முதலில் தள்ளுகிறது, சட்டத்தில் நமக்கு என்ன இடம் இருக்கிறது, சங்கமாக நாம் முன்கூட்டியே என்ன செய்து வைத்துக்கொள்ளலாம் என்பதை இந்த இதழில் விளக்குகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படித்து, மற்றவர்கள் கேட்டுப் பேசினால் நல்லது.

கூட்டம் முதலில், கடை பிறகு

ஒரு கடைவீதி எப்படி உருவாகிறது என்று யோசித்துப் பாருங்கள். யாரும் வரைபடம் போட்டு உருவாக்குவதில்லை. பஸ் நிற்கிற இடம், கோயில் வாசல், பள்ளிக்கூட முக்கு, மில் கேட், ஆஸ்பத்திரி எதிர்ப்புறம் என்று ஜனங்கள் கூடுகிற இடத்தில் முதலில் ஒரு கூடை வந்து உட்காரும். பிறகு ஒரு தள்ளுவண்டி. அடுத்து டீக்கடை, பூக்கடை, பொட்டிக்கடை. கொஞ்ச நாளில் மளிகைக் கடையும் தையல் கடையும் வரும். "அங்க போனா எல்லாம் கிடைக்கும்" என்ற பெயர் வந்தால் அது கடைவீதி ஆகிவிடுகிறது.

கோயம்புத்தூரில் இந்த வேலையை மில்கள் செய்தன. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஸ்பின்னிங் மில்தான் இந்த ஊரின் முதல் மில். 1910இல் குப்புசாமி நாயுடு லட்சுமி மில்ஸைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் மில்கள் வரிசையாக எழும்பின. ஷிப்டு விடுகிற நேரத்தில் மில் வாசலில் ஜனம் கூடும். சம்பள நாளில் கேட்கவே வேண்டாம். அந்த ஜனத்தை நம்பி சுற்று வட்டாரப் பெண்கள் கீரை, தேங்காய், பூ, பலகாரம் கொண்டுபோய் விற்றார்கள். இன்றைக்கு நம் சங்கங்களில் இருக்கிற பாட்டிமார்களைக் கேட்டால், எந்த மில்லுக்கு எத்தனை மணிக்குச் சங்கு ஊதும் என்று இப்போதும் சொல்வார்கள்.

இந்தக் கடைவீதிகளுக்குப் பேரும் மதிப்பும் வந்ததில் கட்டட முதலாளிக்குப் பங்கு உண்டு. தெருவில் வெயிலில் உட்கார்ந்து ஜனங்களை வரவழைத்த பெண்களுக்கும் அதே அளவு பங்கு உண்டு. ஆனால் கட்டடத்துக்குப் பத்திரம் இருக்கிறது. கூடை வைத்த இடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. நாம் இன்று பேசப்போகும் சிக்கலின் வேர் இதுதான்.

மில் போய் மால் வந்தது

நம் கண்ணுக்கு முன்னால் கோவை மாறியிருக்கிறது. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. மத்திய அரசின் என்.டி.சி. மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றவை, பிறகு பழையபடி ஓடவில்லை. இன்னொரு பக்கம் 2009இல் கிருஷ்ணசாமி ரோட்டில் புரூக்பீல்ட்ஸ், 2012இல் பீளமேட்டில் ஃபன் ரிபப்ளிக், 2017இல் சரவணம்பட்டியில் புரோசோன் என்று மால்கள் வந்தன. அவிநாசி ரோட்டில் லட்சுமி மில்ஸ் வளாகத்திலேயே 2023 ஜூன் மாதம் லுலு ஹைப்பர் மார்க்கெட் திறந்தது. பஸ் கண்டக்டர் இப்போதும் "லட்சுமி மில்ஸ்" என்றுதான் குரல் கொடுக்கிறார். இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஷாப்பிங் போகிறவர்கள்.

ஊரின் எல்லையும் நீண்டது. 2011இல் கவுண்டம்பாளையம், குறிச்சி, குனியமுத்தூர் நகராட்சிகளும், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி போன்ற பேரூராட்சிகளும், விளாங்குறிச்சி ஊராட்சியும் மாநகராட்சியோடு சேர்ந்தன. 72 வார்டு 100 வார்டு ஆனது. விளாங்குறிச்சி பக்கம் 2010இல் டைடல் பார்க் வந்தது. சரவணம்பட்டி, கீரணத்தம் பகுதியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகின. சோளமும் பருத்தியும் விளைந்த காட்டில் இன்று பதினைந்து மாடி நிற்கிறது. சத்தி ரோட்டு ஓரம் டீக்கடையும் உரக்கடையும் இருந்த வரிசையில் இப்போது கேக் கடை, ஜிம், காபி ஷாப்.

2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் பட்டியலில் கோவையும் இடம்பெற்றது. குளக்கரைகளில் நடைபாதையும் பூங்காவும் வந்தன. ஆர்.எஸ். புரம் டி.பி. ரோடு மாதிரிச் சாலையாக மாறியது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் குழந்தைகளோடு போய் நடந்துவர நமக்கும் ஆசைதான். ஒரு இடம் அழகானதும் அங்கே யார் வாங்கலாம், யார் விற்கலாம் என்பதும் மாறிவிடுகிறது. இதைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்த மாற்றத்துக்கு ஒரு பேர் உண்டு. 1964இல் லண்டனில் ரூத் கிளாஸ் என்ற சமூகவியல் அறிஞர், தொழிலாளிகள் குடியிருந்த தெருக்களில் வசதியானவர்கள் வந்து வீடு வாங்கிப் புதுப்பித்ததையும், பழைய ஆட்கள் வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறியதையும் பார்த்து, அதற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பேர் வைத்தார். நம்ம பாஷையில் "வசதிக்காரர் குடியேற்றம்" என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்கு நடப்பது கடைவீதிக்கும் நடக்கும்.

படிப்படியாக எப்படி நடக்கிறது?

நாங்கள் களத்தில் பார்த்தவரை இது ஒரே நாளில் நடப்பதில்லை. ஐந்து படிகளாக வருகிறது.

முதல் படி: பக்கத்தில் பெரிய கம்பெனி, காலேஜ், அடுக்குமாடி, மால் ஏதாவது ஒன்று வருகிறது. ஆரம்பத்தில் நமக்கு வியாபாரம் கூடும். கட்டட வேலைக்கு வந்தவர்கள் நம்மிடம்தான் சாப்பிடுகிறார்கள், காய் வாங்குகிறார்கள்.

இரண்டாம் படி: நிலத்தின் விலை ஏறுகிறது. கட்டட உரிமையாளர்கள் பழைய வாடகையை யோசித்துப் பார்க்கிறார்கள். அட்வான்ஸ் உயர்கிறது.

மூன்றாம் படி: பழைய கடைகள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. மாவு மில், சைக்கிள் கடை, தையல் கடை போய், அதிக வாடகை தரக்கூடிய கடைகள் வருகின்றன.

நான்காம் படி: வாங்க வருகிற ஆட்கள் மாறுகிறார்கள். காரில் வருகிறவருக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். அந்த இடத்தில் நம் கூடை இருக்கிறது. "நடைபாதையில் இடைஞ்சல்" என்று புகார் போகிறது. பத்து வருஷத்துக்கு முன்பு இடைஞ்சலாகத் தெரியாத அதே கூடைதான்.

ஐந்தாம் படி: ரோடு வேலை, வடிகால் வேலை, அழகுபடுத்தும் வேலை ஏதாவது ஒன்று தொடங்குகிறது. "வேலை முடியற வரைக்கும் தள்ளி உக்காருங்க" என்கிறார்கள். வேலை முடிந்தபின் திரும்பிப் போனால் அங்கே கம்பி வேலி இருக்கிறது.

கூடையில் விற்கிறவர், தள்ளுவண்டிக்காரர், வாடகைக் கடைக்காரர், சொந்தக் கட்டடக்காரர் என்று நால்வர் ஒரே தெருவில் இருந்தால், முதலில் போவது கூடைதான். கடைசி ஆளுக்கு லாபம்கூட உண்டு. நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு வரிசையில் இருக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புரிவதற்காக ஒரு உதாரணம். ஒரு அக்கா தினமும் 100 கட்டு கீரை வாங்குகிறார். கட்டு 10 ரூபாய்க்கு வாங்கி 15 ரூபாய்க்கு விற்கிறார். முழுசும் விற்றால் 500 ரூபாய் மிச்சம். இடம் மாறிப்போனதால் 50 கட்டுதான் விற்கிறது என்று வையுங்கள். கைக்கு வருவது 750 ரூபாய். போட்ட முதல் 1,000 ரூபாய். அன்றைக்கு 250 ரூபாய் நட்டம், மீதிக் கீரை வாடிப்போகிறது. அடுத்த நாள் பயந்து 50 கட்டு மட்டும் எடுக்கிறார். அது முழுசும் விற்றாலும் மிச்சம் 250 ரூபாய்தான். வீட்டுச் செலவு, பிள்ளை படிப்பு, சங்கத் தவணை எல்லாம் அதே அளவுதான் இருக்கிறது.

இன்னொரு உதாரணம், வாடகைக் கடை. மாதம் வாடகை கழிப்பதற்கு முன் 24,000 ரூபாய் மிஞ்சுகிற சின்னக் கடை. வாடகை 6,000 என்றால் கையில் 18,000. வாடகை 15,000 ஆனால் கையில் 9,000. அட்வான்ஸும் 50,000இலிருந்து 3 லட்சம் ஆகிறது. கூடுதல் 2.5 லட்சத்தை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினால்கூட மாதம் 2,500 ரூபாய் வட்டி. மிச்சம் 6,500. காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்குச் சாத்துகிற உழைப்புக்கு இதுதான் கூலி. தண்டல்காரரிடம் வாங்கினால் அதுவும் இல்லை.

இரண்டு கணக்கிலும் அந்தப் பெண்ணின் உழைப்பு குறையவில்லை, திறமை குறையவில்லை. இடம்தான் போனது. நம் வியாபாரத்தில் கண்ணுக்குத் தெரியாத பெரிய மூலதனம் இடம்தான். கடன் வாங்கும்போது சரக்குக்கும் தராசுக்கும் கணக்குப் போடுகிற நாம், இடத்துக்கு என்ன உறுதி இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

நல்லதும் இருக்கிறது, மறைக்க வேண்டாம்

பெரிய கடை வந்ததால் நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் பில் போடும் வேலைக்கும், பேக்கிங் வேலைக்கும் போகிறார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., வெயில் படாத வேலை. ரோட்டில் விளக்கு எரிந்தால் இரவில் பயமில்லாமல் வர முடிகிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியதால், ஊரிலிருந்து டவுனுக்குக் கூடையோடு போய்வருகிற செலவு பலருக்குக் குறைந்தது.

மால் வேலை எல்லோருக்கும் கிடைக்காது. இருபது வயதுப் பெண்ணை எடுக்கிறார்கள். ஐம்பது வயது அக்காவை எடுப்பது அபூர்வம். படிக்காதவர், கணவரை இழந்தவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், நேரம் காலம் பார்த்து வேலைக்குப் போக முடியாதவர் ஆகியோருக்குத் தெருவோர வியாபாரம்தான் கதவு திறந்த தொழில். ரோடு அழகாகட்டும், நாமும் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை.

வேற இடம் கொடுத்தால் போதுமா?

"வேற இடம் தர்றோம், அங்க போயி வியாபாரம் பண்ணுங்க" என்று சொன்னால் உடனே தலையாட்டிவிடக் கூடாது. சென்னை தி.நகர் பாண்டி பஜார் அனுபவத்தைப் பாருங்கள். 2013இல் அங்கே நடைபாதையில் விற்றவர்களை, அவர்களுக்காகக் கட்டிய மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். கூரை இருந்தது, மின்விசிறி இருந்தது. நடந்துபோகிறபோது கண்ணில் பட்டு வாங்குகிற ஜனம், ஒரு ஜடைமாட்டிக்காகவோ கைக்குட்டைக்காகவோ மாடி ஏறவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். 2019 நவம்பரில் அதே பாண்டி பஜார் ரோடு நடப்பவர்களுக்கான அகல நடைபாதையாகத் திறக்கப்பட்டது.

குடியிருப்பு மாறினாலும் இதே கதைதான். கோவையில் உக்கடம் பகுதி, குளக்கரைகளில் இருந்த குடும்பங்களுக்குக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் அடுக்குமாடி வீடு கொடுக்கப்பட்டது. வீடு கான்கிரீட் வீடுதான். டவுனில் வீட்டு வேலை, பூ வியாபாரம், மார்க்கெட் வேலை செய்த பெண்ணுக்கு வேலை செய்யும் இடம் பல கிலோமீட்டர் தள்ளிப்போனது. விடியற்காலை நாலு மணிக்குப் பூ எடுக்கப் போகிறவருக்கு அந்த நேரத்தில் பஸ் வேண்டாமா?

ஆகவே மாற்று இடம் என்றால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: பஸ் ஸ்டாப்பிலிருந்து எத்தனை அடி? தரைத் தளமா, மாடியா? போகிற வருகிறவர் கண்ணில் படுமா? பெண்களுக்குக் கக்கூஸ், தண்ணீர் உண்டா? சரக்கு வைக்கப் பூட்டுகிற இடம் உண்டா? தினச் சுங்கம் எவ்வளவு? எத்தனை வருஷத்துக்கு? இதெல்லாம் எழுத்தில் தருவார்களா?

சட்டம் என்ன சொல்கிறது?

தெருவில் வியாபாரம் செய்வது திருட்டுத்தனமான காரியம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். போலீஸ் வண்டியைப் பார்த்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். தெருவோர வியாபாரமும் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமைக்குள் வருகிறது, அரசு அதை ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொன்னது. அதன் பிறகு 2014இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளுக்கு இது பொருந்தும். அதன் முக்கியமான விஷயங்கள்:

1. ஒவ்வொரு ஊரிலும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

2. நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். ஆணையர் தலைமையிலான அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அந்த வியாபாரிப் பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

3. ஒரு வார்டு அல்லது ஊரின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரையிலான வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கித் திட்டம் போட வேண்டும்.

4. இடத்தை மாற்றவோ அப்புறப்படுத்தவோ வேண்டுமானால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவசியம் இருந்தால் தவிர இடமாற்றத்தைத் தவிர்க்க வேண்டும்.

5. ஐம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடக்கிற இயற்கையான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்கிருப்பவர்களை மாற்றக் கூடாது.

6. சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான கட்டணத்தைக் கட்டிக் கேட்டால், அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.

7. சான்றிதழ் உள்ளவர் இறந்துவிட்டாலோ, நிரந்தரமாக முடியாமல் போனாலோ, அது செல்லுபடியாகும் காலம் வரை கணவன் அல்லது மனைவியோ, அவரை நம்பியிருந்த பிள்ளையோ தொடரலாம்.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதை நம் தெருவுக்குக் கொண்டுவருவது கணக்கெடுப்பில் நம் பேர் இருப்பதுதான். கணக்கெடுக்க வருகிற நாளில் நாம் அந்த இடத்தில் இல்லாவிட்டால், அல்லது வீட்டுக்காரர் பேரில் எழுதிவிட்டால், உழைத்தது நாம், சான்றிதழ் வேறு ஆளுக்கு. ஆகவே விற்கிற பெண்ணின் பேரிலேயே எழுத வேண்டும்.

உங்களுக்கு எந்த அட்டை?

கிராமத்திலிருந்து போகிற நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. விற்பனைச் சான்றிதழ் வாங்குபவர், தனக்கு வேறு பிழைப்பு இல்லை, தானோ தன் குடும்பத்தினரோதான் வியாபாரம் செய்வோம் என்று உறுதி எழுதித் தர வேண்டும். காடு வைத்து விவசாயம் பார்த்துக்கொண்டே காய் விற்கிறவர்களுக்கு இது இடிக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு உழவர் சந்தை நல்ல வழி. 1999 நவம்பர் 14இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. கோவையில் ஆர்.எஸ். புரம், சிங்காநல்லூர், சுந்தராபுரம், வடவள்ளி ஆகிய இடங்களில் உழவர் சந்தைகள் உள்ளன. சொந்தமாக விளைவித்த காய்கறியை விற்க விவசாயிக்கு அடையாள அட்டை தருகிறார்கள். கடைக்கு வாடகை இல்லை, தராசும் கொடுக்கிறார்கள். சுற்றிலும் எவ்வளவு வாடகை ஏறினாலும் உழவர் சந்தைக்குள் நம் இடம் ஏறாது. நிலம் வீட்டுக்காரர் பேரில் இருந்தாலும், விற்கப் போகிற பெண்ணின் பேரையும் போட்டோவையும் அட்டையில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பத்தின்போதே கேளுங்கள்.

மொத்த மார்க்கெட்டில் வாங்கித் தெருவில் விற்கிறவர்கள் விற்பனைச் சான்றிதழுக்குப் போக வேண்டும்.

ஊராட்சிப் பகுதியில் நடக்கிற வாரச் சந்தைக்கு 2014 சட்டம் நேராகப் பொருந்தாது. அங்கே நம் பலம் கிராம சபை. சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுகிறார்கள். ஒரு கூடைக்கு எவ்வளவு, ஒரு வண்டிக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ரசீது வாங்குங்கள். அந்த ரசீதுதான் பிற்காலத்தில் "நான் இங்கே இத்தனை வருஷமாக விற்கிறேன்" என்பதற்குச் சாட்சி. இன்று ஊராட்சியாக இருப்பது நாளை மாநகராட்சி ஆகலாம். 2011இல் அதைப் பார்த்தோம்.

கடையை வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடைக்கும் அது பொருந்தும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். "நல்ல மனுசருங்க, வாய்ப் பேச்சே போதும்" என்று இருந்துவிடாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் மகன் கட்டடத்தை விற்கும்போது என்ன செய்வீர்கள்? எத்தனை வருஷம், வாடகை எப்போது எவ்வளவு ஏறும், அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்று எழுதி வாங்குங்கள்.

கடன் வாங்கும் முன்

2020 ஜூன் மாதம் தெருவோர வியாபாரிகளுக்காக பி.எம். ஸ்வநிதி கடன் திட்டம் வந்தது. முதலில் 10,000, அதை ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000 என்று இருந்தது. 2025 ஆகஸ்டில் முதல் கடனை 15,000 ஆகவும் இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தி, 2030 மார்ச் வரை திட்டத்தை நீட்டித்தார்கள். தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உண்டு. தண்டல்காரரிடம் கையேந்துவதைவிட இது எவ்வளவோ மேல். வியாபாரி என்பதற்கான அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ கேட்பார்கள். ஆகவே இங்கேயும் முதல் வேலை, பதிவு.

இடம் போனதால் வியாபாரம் படுத்திருக்கும்போது, மேலும் சரக்கு வாங்கக் கடன் வாங்குவது குழிக்குள் குழி வெட்டுவது. முதலில் இடத்துக்கு வழி தேடுங்கள். வியாபாரக் கடன் கேட்டு விண்ணப்பம் வந்தால், குழு ஊக்குநர்கள் "எங்க உக்காந்து விக்கறீங்க? அந்த இடம் எத்தனை நாளைக்கு இருக்கும்?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம்.

சங்கமாக என்ன செய்யலாம்?

அகமதாபாத்தில் மாணிக் சௌக் என்ற பழைய மார்க்கெட் இருக்கிறது. அங்கே காய்கறி விற்ற பெண்களைப் போலீசும் அதிகாரிகளும் துரத்தினார்கள். 1972இல் இலா பட் தொடங்கிய சேவா சங்கம் அந்தப் பெண்களைச் சேர்த்து, 1980களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. உட்கார்ந்து விற்கும் உரிமைக்காகப் போராடியவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை. பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறையாக அங்கே விற்றவர்கள். தனியாக நின்றபோது "இடைஞ்சல்" என்றவர்கள், சேர்ந்து நின்றபோது "வியாபாரிகள்" என்று கூப்பிட்டார்கள்.

நாம் செய்யக்கூடியவை:

* குழுவில் வெளியில் விற்கிற உறுப்பினர்கள் யார், எங்கே, எத்தனை வருஷமாக, எந்த நேரத்தில், என்ன சரக்கு என்று ஒரு நோட்டில் பதிவு செய்யுங்கள். தேதி போட்டு, தீர்மான நோட்டில் ஏற்றிக் கையெழுத்துப் போடுங்கள்.

* விற்கிற இடத்தில், பின்னால் கடைப் பேரோ கோயிலோ தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை புதுசு எடுங்கள்.

* சுங்க ரசீது, அபராத ரசீதுகூட எறியாதீர்கள். அபராதம் கட்டியதும் நாம் அங்கே இருந்ததற்கு அத்தாட்சிதான்.

* ஒரே தெருவில் விற்கிற வேறு ஊர்ச் சங்கப் பெண்களோடு பழகுங்கள். அவர்கள் நமக்குப் போட்டி என்று நினைக்காதீர்கள். நோட்டீஸ் வந்தால் எல்லோருக்கும்தான் வரும்.

* நகர விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் வந்தால், நம் பெண்களில் ஒருவரையாவது நிற்க வையுங்கள். கூட்டமைப்பிலிருந்து நாங்கள் துணைக்கு வருகிறோம்.

* நடைபாதையில் நடப்பவர்களுக்கு வழி விட்டு உட்காருங்கள். குப்பையை நாமே கட்டி எடுத்துவருவோம். நம் மேல் புகார் சொல்ல வழி கொடுக்க வேண்டாம்.

* அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தால் இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் எத்தனை பேர் வெளியில் போய் விற்கிறார்கள்? யாரிடமெல்லாம் அட்டையோ சான்றிதழோ ரசீதோ இருக்கிறது?

2. நாம் விற்கிற தெரு ஐந்து படிகளில் இப்போது எந்தப் படியில் இருக்கிறது?

3. நம் ஊர்ச் சந்தை எத்தனை வருஷமாக நடக்கிறது? பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைத்திருக்கிறோமா?

4. வாடகைக் கடை வைத்திருப்பவர்களின் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஒருவர் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து படிப்போமா?

கடைவீதி மாறுவதை நாம் தடுத்து நிறுத்த முடியாது. மாறுகிற கடைவீதியில் நம் பேரும் எழுதியிருக்க வேண்டும். மேலே சொன்ன பதிவு வேலையைக் குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் முடித்து, நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பட்டியல் சேர்ந்ததும், கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்காக எல்லாக் குழுக்களும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்போம்.